ஆறு மணி இருட்டும் ஹியாமின் பந்தயமும்

பெய்ரூத்தில் ஸின் அல்-ஃபீல் பக்கம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்களில் பலருக்கு மதாம் ஹியாமின் குரல் இன்றும் காதில் கேட்டுக்கொண்டிருக்கும். மேம்பாலத்துக்கு அடியில் நான்கு பக்கமும் ஹாரன் அலற, கற்றுக்கொள்ள வந்தவள் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழ ஆரம்பிப்பாள். ஹியாம் பக்கத்து இருக்கையில் பூசணி விதை கொறித்தபடியே சொல்வாள்: "அடிக்கட்டும் கண்ணு. அவங்க வண்டியில ஹாரன் ஒண்ணுதான் ஒழுங்கா வேலை செய்யுது. நீ போ."

அவள் வேலை செய்யும் ஓட்டுநர் பள்ளியில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்க வந்த முதல் பெண் அவள். சேர்ந்த புதிதில் ஆண்கள் அவள் வண்டியில் ஏற மாட்டேன் என்றார்கள். இப்போது அதே ஆண்கள் தங்கள் மகள்களை அவளிடம்தான் அனுப்புகிறார்கள், அதுவும் முதலாளியிடம் சிபாரிசு பிடித்து. இதை அவளாக யாரிடமும் சொல்வதில்லை. யாராவது பேச்செடுத்தால் தடுப்பதும் இல்லை.

அவளுடைய தைரியம் செல்லாத இடம் ஒன்றுதான். அது ஞாயிற்றுக்கிழமை சீட்டு மேசை.

மேசை என்று பெயர்தானே தவிர, அது பழைய டேப்லெட்டில் இருந்த ஒரு பச்சை வட்டம். அதைச் சுற்றி நான்கு பெயர்கள். மொன்றேயாலில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் அண்ணன் கத்தாஸ். அபிஜானில் திரைச்சீலைத் துணி விற்கும் தங்கை ஸல்வா. துபாயில் கணக்கு எழுதும் அத்தை மகன் மன்சூர். பெய்ரூத்தை விட்டு நகராத ஹியாம். ஆளுக்கு ஐந்து டாலர் போட்டு போக்கர் ஆடுவார்கள். அந்த ஐந்து டாலருக்கு ஈடாகத் திரையில் சில்லுகள் கிடைக்கும். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாக வரும். நடுவில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று என ஐந்து சீட்டுகள் திறக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் சில்லு வைக்கலாம். எதிராளி அதே அளவு வைத்துத் தொடரலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். கடைசிவரை விலகாதவர்களில் பெரிய சீட்டு உள்ளவர் நடுவில் சேர்ந்ததை அள்ளுவார்; முடிவில் எல்லாச் சில்லும் யாரிடம் போய்ச் சேருகிறதோ அவருக்கு வெற்றி. ஆட்டம் நடக்கும்போது பக்கத்தில் கைபேசியில் நால்வரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். உண்மையில் பேசுவதற்காகத்தான் ஆட்டம்.

வருஷப் பிறப்பு இரவில் சீட்டுத் தொடாமல் விடியக் கூடாது என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். சில்லறைக் காசு வைத்து, வரப்போகும் ஆண்டின் அதிர்ஷ்டத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பேச்சு செப்டம்பரில், சிலுவைத் திருநாள் வாரத்திலேயே வந்துவிட்டது.

"இந்த வருஷம் இந்தக் கண்ணாடிச் சனியன் வேணாம்," என்றான் கத்தாஸ். "எல்லாரும் நேர்ல உக்காந்து ஆடுவோம். மொன்றேயாலுக்கு வாங்க. டிக்கெட் என் செலவு."

ஸல்வா கூச்சல் போட்டாள். மன்சூர் பனிச்சறுக்கு பற்றிக் கேட்டான். ஹியாம் கைபேசியை உள்ளங்கையால் பொத்தினாள். பக்கத்துச் சோபாவில் அவள் கணவர் மத்தானியோஸ் செய்தித்தாளைத் தாழ்த்தி அவளைப் பார்த்தார். நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அவர் விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரைத் தனியே விட்டுவிட்டு அவள் போகமாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும்.

"நீ போயிட்டு வாம்மா," என்றார்.

"பேப்பரப் படிங்க நீங்க," என்றாள். பிறகு கைபேசியில், "ஏன், பெய்ரூத்துக்கு என்ன கேடு? இங்க வாங்களேன்," என்றாள்.

கத்தாஸ் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் சிரித்தான். "அங்க வந்து? மெழுகுவத்தி வெச்சு ராஜாவா ராணியான்னு பாக்கவா? லிஃப்ட் ஓடாது, வெந்நீர் வராது, பொண்டாட்டி என்னைக் கொன்னுடுவா. ஹியாம், என் உசிரே, உன் வீட்டுக்கு வந்தா உன் முகமே தெரியாதேம்மா."

பெய்ரூத் துறைமுகம் வெடித்து ஊரே நொறுங்கிய ஆண்டுக்குப் பிறகு அவன் வரவில்லை. அவன் கடைசியாகப் பார்த்துவிட்டுப் போன வீடு, கண்ணாடி இல்லாத ஜன்னல்களில் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய வீடு. அதன் பிறகு ஹியாம் ஒவ்வொரு ஜன்னலாக மாற்றினாள், சுவருக்கு வெள்ளையடித்தாள், பால்கனியில் எலுமிச்சை வைத்தாள். படம் எடுத்து அனுப்பியபோதெல்லாம் அவன் இதயம் போட்ட பொம்மை ஒன்று திருப்பி அனுப்புவான். அவ்வளவுதான்.

"சரி, ஆடியே தீத்துக்கலாம்," என்றான் கத்தாஸ். "டிசம்பர்ல, பர்பாரா திருநாள் ஞாயித்துக்கிழமை யாரு ஜெயிக்கிறாங்களோ, அவங்க சொல்ற ஊர்ல வருஷப் பிறப்பு. சம்மதமா?"

"நான் ஜெயிச்சா துபாய்," என்றான் மன்சூர். அவனை யாரும் பொருட்படுத்தவில்லை.

"சம்மதம்," என்றாள் ஹியாம்.

சொன்ன பிறகுதான் யோசித்தாள். அந்த மேசையில் அவள் கடைசியாக ஜெயித்தது எப்போது என்று அவளுக்கே நினைவில்லை.

அதற்குக் காரணம் ஆறு மணி. தெருவுக்கு மின்சாரம் கொடுக்கும் ஜெனரேட்டரை அதன் சொந்தக்காரர் அபு ஷவ்கி மாலை ஆறுக்கு நிறுத்துவார். இயந்திரம் ஆறவேண்டும், இரவுச் சுமை தாங்கவேண்டும் என்பார். நேரம் தவறமாட்டார். நிறுத்தியதும் ரௌட்டர் செத்துவிடும். ஹியாமின் வீட்டுக்குள் கைபேசிக் கோபுரத்தின் அலையும் எட்டாது. ஆட்டத்தில் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் செயலி அவள் சீட்டைத் தானே கவிழ்த்துவிடும், எவ்வளவு நல்ல சீட்டாக இருந்தாலும். ஒருமுறை இரண்டு ஏஸ் அப்படிப் போனது. கண்ணெதிரே இருட்டில் போனது.

அதற்கு அவள் கண்டுபிடித்த வழி, பெய்ரூத்தில் சீட்டாடும் பலரும் கண்டுபிடித்த வழிதான். கையில் இருப்பது மொத்தத்தையும் வைத்துவிட்டால் அதற்குமேல் பதில் சொல்ல வேண்டியதில்லை. இணைப்பு அறுந்தாலும் சீட்டுகள் தாமாகத் திறந்து, யாருக்கு வெற்றி என்று முடிவாகிவிடும். அதனால் ஆறு மணி நெருங்க நெருங்க, நல்ல சீட்டு வந்தால் போதும், ஹியாம் மொத்தச் சில்லையும் நடுவில் தள்ளிவிடுவாள்.

மொன்றேயாலிலும் கடிகாரம் இருந்தது.

"மணி என்ன? அங்க அஞ்சே முக்காலா?" என்பான் கத்தாஸ். "ஹியாம் மொத்தத்தையும் வெச்சாச்சு. ஐயா, அம்மா, எல்லாரும் கவிழ்த்துட்டு ஓடுங்க. அபு ஷவ்கி வர்றார்."

எல்லோரும் கவிழ்ப்பார்கள். மூன்று ராஜாக்களோடு அவள் உட்கார்ந்திருப்பாள். நடுவில் கிடந்த நாலைந்து சில்லு மட்டும் அவள் பக்கம் நகர்ந்து வரும். பழக்கம் மெல்ல மெல்ல ஆறு மணியைத் தாண்டிப் பரவிவிட்டது. நாலரைக்கும் அப்படித்தான் ஆடினாள். நல்ல சீட்டு வந்ததும் யாரோ பிடுங்கிக்கொள்ள வருவதுபோல ஒரு பதற்றம் வந்துவிடும்.

கேலி தாங்காமல் அக்டோபரில் நேரெதிராக ஆடிப் பார்த்தாள். மூன்று ஏழு கையில் சேர்ந்தது. யாரும் ஓடிவிடக் கூடாதென்று சில்லைக் கிள்ளிக் கிள்ளி வைத்தாள். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஸல்வா கடைசிவரை கூடவே வந்தாள். கடைசிச் சீட்டில், மூன்று ஏழைவிடப் பெரிதான ஐந்து ஸ்பேடு சேர்த்து அள்ளிக்கொண்டு போனாள்.

"அக்கா, கோவிச்சுக்காதே. நீதானே இவ்ளோ சல்லிசா வெச்சே. கடையில இப்படி வெல போட்டா நான் ரெண்டு வண்டி துணி அள்ளிட்டு வந்துருவேன்," என்றாள் ஸல்வா.

ஹியாம் சிரித்துச் சமாளித்தாள். அன்றிரவு சாப்பிடும்போது மத்தானியோஸ் உப்பு கேட்டார். அவள் சர்க்கரையை எடுத்துக் கொடுத்தாள்.

அதன் பிறகு அவள் வாரநாட்களிலும் ஆட ஆரம்பித்தாள். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே, பள்ளி வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டு, கைபேசியில் முன்பின் தெரியாதவர்களோடு, சில்லறை மேசையில். ஒரு முழு ஆட்டத்துக்கு ஒரு சாண்ட்விச் காசுகூட ஆகாது. அங்கே அவளை யாருக்கும் தெரியாது. ஜெனரேட்டரும் கிடையாது, அண்ணனும் கிடையாது. அதனால் நிதானமாகப் பார்க்க முடிந்தது.

பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. சில்லறை மேசைக்கு வருகிறவர்கள் கவிழ்ப்பதற்காக வருவதில்லை. வேலை முடிந்து களைத்து வருகிறார்கள். அடுத்த சீட்டு என்னவென்று பார்க்காமல் அவர்களால் எழுந்துபோக முடியாது. அதற்கு விலை கேட்டால் கொடுக்கிறார்கள். கிள்ளிக் கேட்பதற்கும் மொத்தமாகப் பிடுங்குவதற்கும் நடுவே பெரிய வெளி இருக்கிறது. அந்த வெளியில் அவள் இதுவரை கால் வைத்ததே இல்லை. நல்ல சீட்டு வந்தபோது, நடுவில் சேர்ந்திருக்கும் சில்லில் பாதி அளவு வைத்துக் கேட்டுப் பார்த்தாள், கொடுத்தார்கள். முக்கால் கேட்டாள், முனகிக்கொண்டே கொடுத்தார்கள். ஒருவன் தன் மொழியில் என்னவோ திட்டி எழுதிவிட்டு, அதையும் கொடுத்தான்.

இன்னொன்றும் பிடிபட்டது. முதல் மூன்று சீட்டில் கொஞ்சம், நான்காவதில் அதைவிட அதிகம் என்று அளவாக ஏறினால், கடைசிச் சீட்டு வரும்போது நடுவில் இருப்பதும் கையில் இருப்பதும் ஏறக்குறையச் சமமாகிவிடும். அப்போது மொத்தத்தையும் வைப்பது பாய்ச்சலாகத் தெரியாது. மாடிப்படியில் அடுத்த படிபோலத் தெரியும். ஏற்கெனவே இரண்டு படி ஏறியவன் மூன்றாவதில் திரும்பிப் போவது அபூர்வம்.

ஆள் தெரிந்தால் இன்னும் நல்லது. ஸல்வாவுக்குப் பார்க்கும் ஆசை. பாதிவரை கேட்டதெல்லாம் கொடுப்பாள், அதற்குமேல் அவளுக்குக் கடை ஞாபகம் வந்துவிடும். மன்சூர் கணக்குப் பிள்ளை, சீட்டு இல்லாமல் நகரமாட்டான். கத்தாஸிடம் சின்னதாகக் கேட்டால் இரக்கப்படுவான், எல்லை மீறிக் கேட்டால் சிரித்துவிட்டு எழுந்துவிடுவான். ஆனால் அவன் கௌரவத்துக்குச் சரியாக, நடுவில் இருப்பது அளவுக்குக் கேட்டுவிட்டால் அவனால் போக முடியாது. அவன் சின்ன வயதிலிருந்தே அப்படி. அதைப் புதிதாகக் கற்க அவளுக்கு எந்த மேசையும் தேவைப்படவில்லை.

நவம்பர் முடிவில் அவள் தௌரா கடைவீதிக்குப் போய் ரௌட்டருக்கென்றே விற்கும் சின்ன பேட்டரி ஒன்றை வாங்கி வந்தாள். செங்கல் அளவு இருந்தது. மூன்று வருடமாக வாங்குகிறேன் வாங்குகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த பொருள்.

"எவ்வளவு நேரம் வரும்?" என்று கேட்டார் மத்தானியோஸ்.

"கடைக்காரன் ஒரு மணி நேரம்னான்."

"அப்ப கால் மணி நேரம் வரும்," என்றார் அவர். வாழ்நாளெல்லாம் தரை ஓடு விற்றவர். கடைக்காரர்களின் பேச்சு அவருக்குத் தெரியும்.

பர்பாரா ஞாயிறு வந்தது. ஹியாம் காலையிலேயே திருநாள் வழக்கப்படி கோதுமையை வேகவைத்து, சர்க்கரையும் சோம்பும் சேர்த்து, மேலே மாதுளை முத்தும் பாதாமும் தூவிக் கிண்ணங்களில் ஊற்றிவைத்திருந்தாள். நான்கு மணிக்கு எல்லோரும் திரையில் வந்து சேர்ந்தார்கள்.

"முன்கூட்டியே சொல்லிடறேன்," என்றாள் ஹியாம். "ரௌட்டருக்கு பேட்டரி வாங்கிட்டேன். ஆறு மணிக்கு நான் காணாமப் போக மாட்டேன்."

சிரிப்பு வெடித்தது. மன்சூர் கைதட்டினான்.

"அந்த பேட்டரிக்கு இப்ப எத்தன வயசு?" என்றான் கத்தாஸ். "நீ சொல்ல ஆரம்பிச்சப்ப பொறந்த புள்ள இன்னிக்கு ஸ்கூலுக்குப் போகுது."

"சொல்றத சொல்லிட்டேன், அபு நஜீப். அப்புறம் சொல்லலியேன்னு கேக்கக் கூடாது."

நஜீபின் அப்பா என்று மகன் பெயரைச் சேர்த்து அவள் அண்ணனை அழைத்தால் அது மரியாதை இல்லை, எச்சரிக்கை. ஆனால் அன்று யாரும் கவனிக்கவில்லை.

மன்சூர்தான் முதலில் சில்லெல்லாம் இழந்து வெளியேறினான். ஹியாமிடம் இரண்டு ஜோடி இருந்தது, முக்கால் பங்கு கேட்டாள், அவனிடமும் சீட்டு இருந்ததால் கொடுத்தான். "என்ன இது, இவ இப்படி ஆட மாட்டாளே," என்று முணுமுணுத்தான். ஸல்வாவைக் கத்தாஸ் வீழ்த்தினான். அவள் ஆட்டத்தை விட்டாலும் பேச்சை விடவில்லை. வாடிக்கையாளர் ஒருத்தியிடம் பிரெஞ்சில் விலை சொல்லிக்கொண்டே இவர்களையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தரை தாண்டியபோது மேசையில் கத்தாஸும் ஹியாமும் மட்டும் மிஞ்சினார்கள். இருவர் முன்னும் ஏறத்தாழச் சமமான சில்லு.

"ஸல்வா, பெரிய கோட்டு வாங்கி வெச்சுக்க," என்றான் கத்தாஸ். "இங்க இப்பவே மைனஸ் பத்து."

ஆறுக்குச் சில நிமிடங்கள் இருந்தன. ஹியாமுக்கு இரண்டு ஒன்பது வந்தது. கத்தாஸ் கொஞ்சம் ஏற்றினான், அவளும் தொடர்ந்தாள். நடுவில் மூன்று சீட்டு திறந்தது. ஒரு ராஜா, ஒரு ஒன்பது, ஒரு நாலு.

மூன்று ஒன்பது. அவள் காதுகள் சூடாயின. விரல் தானாக, மொத்தத்தையும் தள்ளும் ஓரத்துக்குப் போனது. தெருவில் அபு ஷவ்கியின் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. மத்தானியோஸ் சோபாவிலிருந்து எழுந்து வந்து அவள் பின்னால் நின்றார். அவர் சீட்டைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

ஹியாம் விரலைப் பின்னுக்கு இழுத்தாள். நடுவில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேலாக வைத்தாள்.

"ஓஹோ," என்றான் கத்தாஸ். "அணையுற நேரத்துல இவ்ளோதானா? நல்ல சீட்டா இருந்தா இந்நேரம் வீட்டையே தூக்கி வெச்சிருப்பியே. உங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"பாத்துக்க."

"பாக்கத்தான் போறேன். விட்டுப் பிடிக்கிறேன்." அதே அளவு வைத்தான்.

நான்காவது சீட்டு திறந்தது. இன்னொரு நாலு. மூன்று ஒன்பதும் இரண்டு நாலும். அவளை வெல்ல அவனிடம் இரண்டு ராஜாவோ இரண்டு நாலோ ஒளிந்திருக்க வேண்டும். அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு.

அப்போது ஜெனரேட்டர் நின்றது.

உறுமல் அடங்கியதும் தெரு முழுவதும் ஒரு கணம் காது அடைத்ததுபோல ஆனது. அறை இருண்டது. டேப்லெட்டின் வெளிச்சம் ஹியாமின் முகத்தில் மட்டும் விழுந்தது. அலமாரிமேல் ரௌட்டரின் பச்சைப் புள்ளி ஒருமுறை துடித்தது. பிறகு நின்று எரிந்தது.

"போச்சு," என்றான் கத்தாஸ். "சத்தம் நின்னுடுச்சு கேட்டீங்களா? ஹியாம் போயாச்சு. இப்ப அவ சீட்டு தானா கவிழும். பாவம், இதுக்கு அவ மொத்தமா..."

"போகல," என்றாள் ஹியாம். "இங்கதான் இருக்கேன்."

 மறுமுனையில் ஸல்வா விழுந்து விழுந்து சிரித்தாள். "பேட்டரி! அண்ணே, நெஜமாவே வாங்கியிருக்கா!"

"சரி, இருக்கே," என்றான் கத்தாஸ். குரலில் பழைய சுகம் இல்லை. "ஆடு."

இப்போதுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. பாதி ஆட்டத்தில் செத்தால் சீட்டு கவிழ்ந்துவிடும், வைத்த சில்லெல்லாம் போய்விடும், அதோடு வருஷப் பிறப்பும் போய்விடும். மொத்தத்தையும் இப்போதே வைத்துவிட்டால் அந்தப் பயம் இல்லை. பச்சைப் புள்ளி எரிந்தாலும் அணைந்தாலும் அவள் சீட்டு பேசிக்கொள்ளும். ஆனால் மொத்தத்தையும் வைத்தால் கத்தாஸ் ஓடிவிடுவான். நாலைந்து சில்லோடு அவள் மறுபடி உட்கார்ந்திருப்பாள், இன்னொரு மூன்று ஒன்பதுக்காகக் காத்துக்கொண்டு. அது இந்த ஜென்மத்தில் வருமோ வராதோ.

"வெச்சுடும்மா," என்று மத்தானியோஸ் காதருகே கிசுகிசுத்தார். "முழுசும் வெச்சுடு. பேட்டரிய நம்பாதே."

"பேட்டரிய நம்பல," என்றாள் அவளும் கிசுகிசுப்பாக. "அவனை நம்பறேன்."

நடுவில் இருப்பதில் முக்காலுக்கு மேல் கேட்டாள். எண் திரையில் ஏறியது.

கத்தாஸ் யோசித்தான். அவன் மனைவி பின்னால் ஏதோ கேட்டாள், "இரு இரு" என்றான். நேரம் காட்டும் வளையம் மெல்லத் தேய்ந்தது. ஹியாம் பச்சைப் புள்ளியைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானித்து, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எங்கிட்ட ராஜா இருக்கு, தெரிஞ்சுக்க," என்றான் கத்தாஸ்.

"சந்தோஷம்."

"நீ என்னை மெரட்டுற. பேட்டரி வந்த திமிரு." அதே அளவு வைத்தான்.

கடைசிச் சீட்டு ஒரு இரண்டு. யாருக்கும் உதவாத இரண்டு. நடுவில் குவிந்திருந்ததும் அவள் கையில் மிச்சமிருந்ததும் கிட்டத்தட்டச் சரிசமம். இந்த இடத்துக்குத்தான் அவள் நடந்து வந்திருந்தாள். விரலை ஓரம்வரை நகர்த்தினாள். பதற்றம் இல்லை. யாரும் பிடுங்க வரவில்லை. கேட்கவேண்டிய விலையைக் கேட்டாள்.

"மொத்தமா?" என்றான் கத்தாஸ்.

"நடுவுல கெடக்கிற அளவுதான், அபு நஜீப். கூடக் கேக்கல, கொறச்சும் கேக்கல."

"ஆறு மணிக்கு முன்னாடி நீ இத வெச்சிருந்தா நான் சிரிச்சிக்கிட்டே கவிழ்த்திருப்பேன்."

"தெரியும்."

அந்த ஒரு சொல் அவனைக் குத்தியிருக்க வேண்டும். "இதுக்கு மேல நான் கவிழ்த்தா ஸல்வா என்னைச் சும்மா விடுவாளா," என்றான்.

"விடமாட்டேன்," என்று அபிஜானிலிருந்து குரல் வந்தது. "செத்தாலும் விடமாட்டேன்."

கத்தாஸ் ஈடாக வைத்தான். சீட்டுகள் திரும்பின. அவனுடைய ராஜாவும் ராணியும். அவளுடைய இரண்டு ஒன்பது.

நடுவில் குவிந்த சில்லெல்லாம் ஹியாம் பக்கம் நகர்ந்தன. மன்சூர்தான் முதலில் சீழ்க்கையடித்தான். கத்தாஸிடம் விரல்விட்டு எண்ணும் சில்லுகள் மிஞ்சியிருந்தன. அடுத்த கையிலேயே அவற்றையும் அலுப்போடு வைத்துத் தோற்றான். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

"மூணு ஒம்பது," என்றான் கத்தாஸ். "மொதல்லேருந்தே மூணு ஒம்பது வெச்சிருந்தே. ஆறு மணிக்கு ரெண்டு நிமிஷம் இருக்கு. தள்ளாம இருந்தே." அவன் குரலில் கோபத்தைத் தேடிப் பார்த்தாள் ஹியாம். இல்லை. வேறொன்று இருந்தது. அவள் லைசென்ஸ் வாங்கிய நாளில்கூட அவன் அப்படிப் பேசியதில்லை. "பேட்டரி நடுவுல செத்திருந்தா?"

"செத்திருந்தா மொன்றேயால் வந்திருக்கும். எல்லாருக்கும், எனக்கும் விமானம் ஏறக் கூடாத இவருக்கும் தவிர."

 ரொட்டிக்கடையின் மணி எங்கோ ஒலித்தது.

"விமானம் அவருக்குக் கூடாதுன்னு ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றான் கத்தாஸ்.

"சொல்லியிருந்தா இரக்கப்பட்டு வந்திருப்பே. இப்ப தோத்து வர்ற. அதுதான் எனக்கு வேணும்."

மன்சூர் வாய்விட்டுச் சிரித்தான். கத்தாஸ் கைபேசியை விலக்கிப் பிடித்து உள்ளே மனைவியிடம் கத்துவது எல்லோருக்கும் கேட்டது: "மிரேய்! பெட்டியெல்லாம் கீழ எறக்கு! இல்ல, ஃப்ளோரிடா இல்ல. பெய்ரூத்! ஆமா, பெய்ரூத்! அவ ஜெயிச்சுட்டா, நான் என்ன பண்ண!"

அழைப்பு முடிந்தது. பச்சைப் புள்ளி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கடைக்காரன் உண்மையே சொல்லியிருந்தானோ என்னவோ. மத்தானியோஸ் இருட்டில் தடவித் தடவிக் கோதுமைக் கிண்ணம் ஒன்றை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார்.  "மாதுளை நெறையப் போட்டிருக்கே," என்றார்.

ஹியாம் ஒரு கரண்டி சாப்பிட்டாள். பிறகு கிண்ணத்தோடு பால்கனிக்குப் போனாள். மின்சாரம் இல்லாத நேரத்தில் தெருவே பால்கனியில்தான் இருக்கும். எதிர் வரிசையில் சிகரெட் முனைகள் தெரிந்தன. யாரோ குழந்தையைத் தாலாட்டிக்கொண்டிருந்தார்கள். இருபது வருடமாக அந்தத் தெருவில் இருக்கிறாள், ஒருநாளும் குரலை உயர்த்திப் பேசியதில்லை.

"உம் ஃபாரிஸ்!" என்று எதிர் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கத்தினாள். "உம் ஃபாரிஸ், இருக்கியா? என் அண்ணன் வர்றான்! குடும்பத்தோட! தங்கச்சியும் வர்றா!"

"எப்போ?" எதிர் வீட்டு இரண்டாம் மாடியிலிருந்து குரல் வந்தது.

"வருஷப் பிறப்புக்கு!"

"அவ்ளோ பேர எங்க படுக்க வெப்பே, பைத்தியக்காரி?"

அதைப் பற்றி ஹியாம் யோசித்திருக்கவே இல்லை. மேல்மாடியிலிருந்து ஒரு ஆண் குரல், "ரெண்டு பேர என் வீட்டுக்கு அனுப்பு, அரக் சாராயம் நான் ஊத்துறேன்!" என்றது. அதற்குள் கீழே மளிகைக்கடை வாசலில் இருந்தவர் மெத்தை வாடகைக்குத் தரும் ஆளின் பெயரைச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.